ஒலி, படக் குறிகைகளை இணைக்கும் கருவிகளுக்கான தமிழ்க் கலைச்சொற்கள்: காரணப்பெயர் நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வானொலி, தொலைக்காட்சி நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் ஒலி, படக் குறிகைகளை உரிய இடங்களுக்கு இணைத்துத் தரும் கருவிகள் பல உள்ளன. இவற்றைத் தமிழில் குறிக்க வழங்கும் சொற்களையும் வழங்கத்தக்கனவாகக் கருதப்படும் சொற்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நன்னூல் கூறும் இடுகுறி, காரணம் என்னும் பெயர்ப் பாகுபாடு மதிப்பீட்டிற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஆங்கிலப் பெயரை மட்டும் நோக்கி ஆக்கப்படும் சொற்கள் கருவியின் செயலுக்கு முரணான காரணத்தைச் சுட்டுகின்றன என்பதும், பொய்யான காரணத்தைத் தாங்கிய தமிழ்ச்சொல்லைவிடக் காரணம் தோன்றாத கடன்சொல் கற்போர்க்குக் குறைந்த தீங்கையே விளைக்கும் என்பதும் நிறுவப்படுகின்றன. செயலை முதலாகக் கொண்ட ஒரு சொற்றொகுதி இறுதியில் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், ஒலிபரப்புத் தொழில்நுட்பம், காரணப்பெயர், இடுகுறிப்பெயர், குறிகை, ரௌட்டர், அஞ்சல்.

முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்க முயற்சி நூறாண்டுகளைக் கடந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கெனச் சங்கம் கண்டு இதழ் நடத்திய காலம் முதல், இணையவழி இயங்கும் சொற்குவைத் திட்டம் வரை இம்முயற்சி பல வடிவங்களில் தொடர்ந்து வருகிறது. ஒலிபரப்புத் துறை இம்முயற்சியில் தனித்த இடம் உடையது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கின. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. இலங்கையில் கொழும்பு வானொலி 1925இலும் ரூபவாகினி 1982இலும் ஒலி, ஒளிபரப்பைத் தொடங்கின.

இந்நிலையங்களின் வழியாக வானொலி, ஒலிபரப்பு, நேயர், அலைவரிசை, சிற்றலை, பண்பலை, நேரலை முதலான சொற்கள் மக்கள் வழக்கில் வேரூன்றின. இவை யாவும் நேயரின் செவியை எட்டிய சொற்கள் என்பது நோக்கத்தக்கது. அறிவிப்பாளர் நாள்தோறும் ஒலிவாங்கியின் முன் சொன்னமையால் இவை நிலைபெற்றன. அறிவிப்பாளருக்குப் பின்னால், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்திருந்த பொறியாளர் கையாண்ட கருவிகளின் பெயர்களோ நேயரின் செவியை எட்டவில்லை. அவற்றைத் தமிழாக்க வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. ரௌட்டர், ஸ்விட்சர், பேட்ச் பேனல் என்றே அவை இன்றளவும் வழங்குகின்றன.

ஊடகத் தொழில்நுட்பத்தைத் தமிழில் கற்பிக்கவும் பாடநூல் எழுதவும் முற்படும்போது இக்குறை வெளிப்படுகிறது. குறையை நிரப்பக் கணினித் துறையிலிருந்தும் பொதுவான கலைச்சொல் பட்டியல்களிலிருந்தும் சொற்கள் எடுத்தாளப்படுகின்றன. அவ்வாறு எடுத்தாளப்படும் சொற்கள் இக்கருவிகளுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கருவியும் அதன் செயலும்

சொல்லை மதிப்பிடுமுன் பொருளை வரையறுத்தல் வேண்டும். ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் படப்பிடிப்புக் கருவிகள், பதிவு இயக்கிகள், செயற்கைக்கோள் வாங்கிகள், பிற நிலையங்களிலிருந்து வரும் இணைப்புகள் எனக் குறிகை பிறக்கும் இடங்கள் பல. அலைபரப்பி, பதிவுக்கருவி, மேற்பார்வைத் திரை, ஒலிக்கலவை மேசை எனக் குறிகை சென்று சேரும் இடங்களும் பல. எந்த மூலத்தை எந்தச் சேரிடத்தோடும் வேண்டியபோது இணைக்க உதவும் கருவியே ஒலிபரப்புத் துறையில் ரௌட்டர் எனப்படுகிறது.

அதன் அமைப்பை ஓர் அணியாகக் கருதலாம். மூலங்கள் நிரைகளாகவும் சேரிடங்கள் நிரல்களாகவும் அமைய, ஒவ்வொரு நிரையும் ஒவ்வொரு நிரலும் கூடும் இடத்தில் திறந்து மூடத்தக்க ஓர் இணைப்பு இருக்கும். 16 மூலங்களும் 16 சேரிடங்களும் கொண்ட சிறிய கருவியில் இத்தகைய கூடுமிடங்கள் 256. 512 மூலங்களும் 512 சேரிடங்களும் கொண்ட பெரிய கருவியில் அவை 2,62,144 ஆகும்.

இக்கருவியின் செயலில் நான்கு இயல்புகள் உள்ளன. முதலாவது, ஒரு மூலம் ஒரே நேரத்தில் எத்தனை சேரிடங்களுக்கும் செல்லலாம். ஒரு சேரிடமோ ஒரு நேரத்தில் ஒரே மூலத்தைத்தான் பெறும். எனவே 256 கூடுமிடங்களில் ஒரு நேரத்தில் மூடியிருக்கத்தக்கவை 16 மட்டுமே. இரண்டாவது, பல இடங்களுக்குச் செல்வதனால் குறிகை குறைவதில்லை. ஒவ்வோரிடமும் முழுக் குறிகையையே பெறுகிறது. மூன்றாவது, கருவி குறிகையின் உள்ளடக்கத்தை மாற்றுவதில்லை. நான்காவது, படக்குறிகையில் ஒரு மூலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் கண்ட நேரத்தில் நிகழக்கூடாது. நொடிக்கு 25 படச்சட்டங்கள் கொண்ட இந்திய முறையில் ஒரு சட்டத்தின் காலம் 40 மில்லி நொடி. சட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றுப் பகுதியில் மாற்றம் நிகழ்ந்தால்தான் திரையில் குலைவு தோன்றாது. இந்நான்கு இயல்புகளுள் ஒன்றையேனும் மறுக்கும் சொல் இக்கருவிக்குப் பொருந்தாது.

இங்குக் குறிகை என்னும் சொல்லின் தேர்வையும் விளக்க வேண்டும். இப்பொருளில் சைகை, சமிக்ஞை, குறிகை ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. சைகை பொதுவழக்கில் கையசைவைக் குறிக்கும். படப்பிடிப்புத் தளத்தில் தள மேலாளர் நிகழ்ச்சி நடத்துநருக்குக் கையசைவால் நேரத்தை உணர்த்துவது அன்றாடப் பணி. ஒரே கூடத்தில் கம்பிவழிச் செல்வதும் கையால் காட்டுவதும் சைகை எனப்படுமாயின் மயக்கம் நேரும். ஆகவே இக்கட்டுரை குறிகை என்னும் சொல்லை ஆள்கிறது.

மதிப்பீட்டு அடிப்படை

பவணந்தியார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்து, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என மேலும் பகுத்தார். காரணம் கருதியவிடத்துப் பலவற்றிற்குப் பொருந்தியும், வழக்கினால் ஒன்றற்கே உரியதாய் நின்றும் வருவதைக் காரண இடுகுறி என்பர் உரையாசிரியர். முள்ளி என்னும் பெயர் இதற்குக் காட்டப்பெறும். முள்ளுடைய செடி பல இருப்பினும் அப்பெயர் ஒரு செடிக்கே உரியதாயிற்று.

இப்பாகுபாடு கலைச்சொல் மதிப்பீட்டிற்கு நேரிய கருவியாகிறது. ரௌட்டர் என்னும் கடன்சொல் தமிழ் மாணவர்க்கு இடுகுறிப்பெயரே. அதன் உறுப்புகள் அவருக்கு எதையும் உணர்த்துவதில்லை. கருவியைக் கண்டும் பயின்றுமே அவர் பொருளை அறிகிறார். ஆக்கப்பெற்ற தமிழ்ச்சொல்லோ காரணப்பெயர். கருவியைக் காணுமுன்பே அது மாணவர்க்கு ஒரு விளக்கத்தை அளித்துவிடுகிறது. தாய்மொழிக் கல்வியின் வலிமை இதுவே. அவ்விளக்கம் பிழையாயின், வலிமையே தீங்காகிறது. மாணவர் தாம் அறிந்துகொண்டதாக நம்பும் பிழையைக் களைவது, அவர் அறியாத ஒன்றைக் கற்பிப்பதினும் கடினம்.

இதனடிப்படையில் மூன்று அளவுகோல்கள் இங்குக் கொள்ளப்படுகின்றன. சொல் சுட்டும் காரணம் கருவியின் செயலோடு ஒத்திருத்தல் வேண்டும். அதே அறையில் உள்ள பிற கருவிகளின் பெயர்களிலிருந்து அது வேறுபட்டு நிற்றல் வேண்டும். எழுத்தில் மட்டுமன்றிச் செவியிலும் அது தெளிவாதல் வேண்டும்.

திசைவி, வழிச்செயலி, மடைமாற்றி

கணினி வலையமைப்பில் ரௌட்டர் எனப்படும் கருவிக்குத் திசைவி, வழிச்செயலி முதலிய சொற்கள் வழங்குகின்றன. அக்கருவி தரவுப் பொதியின் முகவரியைப் படித்து, பல வலையமைப்புகளுக்கு இடையே அது செல்லத்தக்க வழியைத் தெரிவுசெய்து அத்திசையில் அனுப்புகிறது. திசையையும் வழியையும் காரணமாகக் கொண்ட இச்சொற்கள் அக்கருவிக்குப் பொருந்துவனவே.

ஒலிபரப்பு நிலையத்துக் கருவியின் செயல் வேறு. மரபான அமைப்பில் அது முகவரியைப் படிப்பதில்லை. வழியைத் தேர்வதும் இல்லை. எந்த மூலம் எந்தச் சேரிடத்திற்கு என்பதை இயக்குபவரோ தன்னியக்க நிரலோ முடிவுசெய்ய, கருவி அவ்விணைப்பை மூடுகிறது. ஆங்கிலப் பெயர் ஒன்றாயிருப்பதால் மட்டும் திசைவி என்னும் சொல்லை இதற்கும் நீட்டினால், கருவி தானே திசையறிந்து செலுத்துவதாக மாணவர் கருதுவர். பொதுப் பட்டியல்கள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே துறை வேறுபாடு காட்டாது தமிழ்ச் சொற்களை அடுக்கிச் செல்வது இப்பிழைக்கு இடந்தருகிறது.

மடைமாற்றி என்னும் சொல் உள்ளங்கவரும் தன்மையது. மடை, வாய்க்கால், மதகு, கடைமடை எனத் தமிழரின் பாசன வழக்கு செழுமையானது. ஓடும் ஒன்றை வேண்டிய இடத்திற்குத் திருப்பும் செயலுக்கு அவ்வழக்கை நாடுவது இயல்பே. ஆயினும் உவமை முதன்மையான இடத்தில் பிழைபடுகிறது. ஒரு வயலுக்கு மடை திறந்தால் மற்றொரு வயலுக்கு நீர் குறையும். முறைவைத்துப் பாய்ச்சுதல் அதனாலேயே ஏற்பட்டது. குறிகையோ ஓரிடத்திற்குச் செல்வதனால் பிறிதோரிடத்தில் குறைவதில்லை. மடைமாற்றி என்று கற்ற மாணவர், ஒரு மூலத்தைப் பதிவுக்கருவிக்கு இணைத்தால் அலைபரப்பிக்கு அது நின்றுவிடுமோ என ஐயுற இடமுண்டு. நிதியை உரிய செலவினின்றும் திருப்பிவிடுதலை மடைமாற்றம் எனச் செய்தித்தாள்கள் எழுதுவதும் அச்சொல்லின் உட்பொருளைக் காட்டுகிறது. ஓரிடத்தில் இல்லாமற்செய்து மற்றோரிடத்திற்குக் கொடுத்தலே அது.

இதே பிழை பங்கீடு என்னும் சொல்லிலும் நேர்கிறது. ஒரு குறிகையைப் பெற்று அதே வலிமையில் பல வெளிவாய்களில் தரும் பெருக்கியைப் பங்கீட்டுப் பெருக்கி என்பது ஆங்கிலப் பெயரின் நேர்ப்பெயர்ப்பு. பங்கீட்டு அட்டையை அறிந்த தமிழ் மாணவர்க்குப் பங்கீடு என்பது உள்ளதைக் கூறுபோடுதலேயாகும். இக்கருவி தேவைப்படுவதோ குறிகை கூறுபடாது இருத்தற்பொருட்டு.

ஒரு சொல், பல கருவிகள்

ஸ்விட்ச் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இலங்கையில் ஆளி என்பது பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டில் சாவி, நிலைமாற்றி, சொடுக்கி முதலியன வழங்குகின்றன. ஆளி சுருங்கிய சொல். ஆளுதல் என்னும் காரணம் மின்சுற்றைக் கட்டுப்படுத்தும் கருவிக்குப் பொருந்துகிறது. நிலைமாற்றி என்பதும் மின்விளக்கின் ஸ்விட்சுக்குப் பொருத்தமே. திறந்த நிலை, மூடிய நிலை என இரு நிலைகளே அதற்கு உள்ளன.

ஒலிபரப்பு நிலையத்தில் இவ்வாங்கிலச் சொல்லும் அதன் கிளைச்சொல்லும் வெவ்வேறு கருவிகளைக் குறிக்கின்றன. மின்சுற்றைத் திறந்து மூடுவது ஒன்று. கணினிகளை ஈதர்நெட் வலையமைப்பில் இணைப்பது மற்றொன்று. நிகழ்ச்சித் தயாரிப்பில் பல படப்பிடிப்புக் கருவிகளின் காட்சிகளை வெட்டியும் கலந்தும் தருவது வேறொன்று. இதனை அமெரிக்க வழக்கு ஸ்விட்சர் என்றும், பிரித்தானிய, இந்திய வழக்குகள் விஷன் மிக்ஸர் என்றும் கூறும். இவை அனைத்திற்கும் நிலைமாற்றி என்னும் சொல்லே நீளுமாயின், காரணம் முதற்கருவியில் மெய்யாகவும் ஏனையவற்றில் பொய்யாகவும் நிற்கும். மறுதலையாக, ஸ்விட்சர், மிக்ஸர் இரண்டையும் தனித்தனியே பெயர்த்தால் ஒரே கருவிக்கு இரு பெயர்கள் தோன்றி, இரு கருவிகள் உள்ளனவோ என்னும் மயக்கம் எழும். ஆங்கிலமே ஒருமைப்படாத இடத்தில் ஆங்கிலச் சொல்லைப் பின்பற்றுவது தமிழுக்கு இருமடங்கு குழப்பத்தைத் தருகிறது.

இங்குத் திரைப்பட வழக்கு துணைபுரிகிறது. திரைப்படப் பெயர்ப்பட்டியல்களில் ஒலிக்கலவை என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற சொல். அதற்கு இணையாகப் படக்கலவை என்னும் தொழிற்பெயரும் படக்கலப்பி என்னும் கருவிப்பெயரும் எளிதில் அமைகின்றன. காட்சியை மாற்றாது இணைப்பது ஒரு கருவி, காட்சிகளைக் கலந்து புதிதாக்குவது மற்றொன்று என்னும் அடிப்படை வேறுபாட்டையும் இப்பெயர் காக்கிறது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தலின் இடர்ப்பாட்டுக்குப் பேட்ச் பேனல் தெளிவான சான்று. குறுங்கம்பிகளைச் செருகிக் கையால் இணைப்பு ஏற்படுத்தும் பலகை அது. பேட்ச் என்பதற்கு ஒட்டு என்றும் பேனல் என்பதற்குப் பலகை என்றும் கொண்டால் ஒட்டுப்பலகை கிடைக்கும். தச்சுத் தொழிலில் அச்சொல் பிளைவுட்டைக் குறிக்கும். செருகுபலகை என்பதே செயலை நேரே உணர்த்தும். அவ்வாறே அணியில் மூலமும் சேரிடமும் கூடும் இடத்தை, வடிவியலைப் பின்பற்றி வெட்டுப்புள்ளி எனலாகாது. படத்தொகுப்பில் வெட்டு என்பது ஒரு காட்சி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடமாகும். இணைப்பைக் குறிக்க வேண்டிய இடத்தில் பிரிப்பைக் குறிக்கும் சொல் அமைந்துவிடும். இலக்கணத்தில் இரு சொற்களின் கூட்டத்தைக் குறிப்பதும், இலங்கை வழக்கில் சாலைகள் கூடுமிடத்தைக் குறிப்பதுமாகிய சந்தி என்னும் சொல் இங்குத் தக்கது.

ஒலி, ஒளி: செவியின் தீர்ப்பு

ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்னும் சொற்கள் லகர, ளகர வேறுபாட்டினால் மட்டுமே பிரிந்து நிற்கின்றன. எழுத்தில் இது நயமான இணை. கட்டுப்பாட்டறையிலோ ஆணைகள் எழுத்தில் செல்வதில்லை. செவிப்பேசியின் வழியே, பலர் ஒருங்கே பேசும் இரைச்சலுக்கிடையே, நொடிப்பொழுதில் செல்கின்றன. லகர ளகர வேறுபாடு பலரது பேச்சில் தேய்ந்துவிட்ட நிலையில், ஒலியை மாற்று என்பதும் ஒளியை மாற்று என்பதும் செவியில் ஒன்றாகவே விழும். ஒலிமட்டும் மாற வேண்டிய இடத்தில் படம் மாறினால் அப்பிழையை நேயர் அனைவரும் காண்பர். கட்டுப்பாட்டறையினர் ஆடியோ, வீடியோ என்றே கூறுவதைத் தமிழ்ப்பற்றின்மை எனக் கொள்வது பொருந்தாது. மயக்கத்திற்கு இடமில்லாத இணையை அவர்கள் தேர்ந்துள்ளனர்.

காணொளி, காணொலி என்னும் சொற்களைப் பற்றிய விவாதமும் இவ்வாறே நோக்கத்தக்கது. இரண்டனுள் எது சரியான வடிவம் என்பது எழுத்தையும் சொற்பிரிப்பையும் கொண்டே பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. இத்துறையின் தேவையோ இரு வேறு பொருள்களுக்கு இரு வேறு சொற்கள். இணைப்புக் கருவிகளில் படமும் ஒலியும் தனித்தனி அடுக்குகளாகக் கையாளப்படும். ஒரு மூலத்தின் படத்தையும் வேறொரு மூலத்தின் ஒலியையும் ஒரே சேரிடத்திற்குப் பிரித்து இணைப்பது வழக்கமான செயல். அவ்விடத்தில் ஒலியை உள்ளடக்கிய காணொலி என்னும் சொல் படக்குறிகைக்குப் பொருந்தாது. மறுபுறம், எஸ்டிஐ எனப்படும் எண்ணியல் இடைமுகத்தில் படக்குறிகையின் இடைவெளிகளில் 16 ஒலித்தடங்கள் வரை உட்பொதிந்து ஒரே கம்பியில் செல்கின்றன. காண்பதும் கேட்பதும் ஒன்றாகிய அக்கூட்டுக் குறிகைக்குக் காணொலி மிகப் பொருத்தமான காரணப்பெயர். தனித்த படத்திற்குப் படக்குறிகை, தனித்த ஒலிக்கு ஒலிக்குறிகை, கூட்டிற்குக் காணொலிக் குறிகை எனப் பகுத்தால், பூசலிட்ட சொற்களுள் ஒன்றேனும் தனக்குரிய இடத்தைப் பெறும். படம், ஒலி என்னும் இணை செவியிலும் மயங்காது.

அஞ்சல்: வழக்கு தந்த சொல்

இத்துறையில் தமிழ் தோற்றதாகக் கொள்ளலாகாது. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் பெற்று அப்படியே ஒலிபரப்புதலை வானொலியார் அஞ்சல் என்றனர். தில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியை மாநில நிலையங்கள் அஞ்சல் செய்தன. அஞ்சல் இன்று தபாலின் பெயராக இருப்பினும், திருவிதாங்கூரில் ஓட்டக்காரர் கைமாற்றிக் கொண்டுசென்ற கடிதப் போக்குவரத்துக்கு அது பெயராயிருந்தது. இலங்கையில் கோலைக் கைமாற்றி ஓடும் போட்டியை அஞ்சல் ஓட்டம் என்கின்றனர். பெற்றதை மாற்றாது அடுத்தவர்க்குக் கைமாற்றுதல் என்னும் காரணம் இம்மூன்றிலும் ஒன்றே. ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பொருள் காணாது, செயலைக் கண்டு தமிழ் வழக்கில் அதற்கு நிகரானதைத் தேடியமையால் இச்சொல் பொருந்தியது.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். மின்காந்தத்தால் இயங்கும் ரிலே என்னும் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். பழைய இணைப்புக் கருவிகளில் கூடுமிடங்களைத் திறந்து மூடியவை இத்தகைய ரிலேக்கள். அவற்றிற்கும் அஞ்சல் என்னும் பெயரை நீட்டினால், திசைவியில் நேரும் பிழையே இங்கும் நேரும்.

இதற்கு மாறான தடையையும் கருத வேண்டும். பண்பலை என்னும் சொல்லின் காரணம் குறையுடையது. அதிர்வெண்ணில் பண்பேற்றம் செய்வதைப் போலவே வீச்சிலும் பண்பேற்றம் செய்யப்படுகிறது. அவ்வகையில் மத்திய அலையும் பண்பேற்றம் பெற்றதே. இருந்தும் பண்பலை வெற்றிபெற்றது. எனவே காரணம் பிழைத்தாலும் வழக்கு காக்கும் என்று வாதிடலாம். இவ்வாதம் நேயர்க்குப் பொருந்தும். நேயர்க்கு வேண்டியது ஒரு வானொலி வகையை மற்றதிலிருந்து பிரித்தறிதல் மட்டுமே. முள்ளியைப் போலப் பண்பலையும் அவருக்குக் காரண இடுகுறியாய் நின்று பயன்தருகிறது. பண்பேற்றத்தைக் கற்கும் மாணவர்க்கோ அதே சொல் தடையாகிறது. நேயர் சொல்லுக்கும் தொழிலாளர் சொல்லுக்கும் தேவை வேறு என்பதையே இது காட்டுகிறது.

வலையமைப்புக் காலத்தின் சோதனை

2017 முதல் வெளிவந்த எஸ்எம்பிடிஇ எஸ்டி 2110 தரத்தொகுதி, படத்தையும் ஒலியையும் துணைத்தரவையும் தனித்தனி ஓடைகளாக இணைய நெறிமுறை வலையமைப்பில் அனுப்ப வழிவகுத்தது. இம்முறையில் சேரிடக் கருவி தனக்கு வேண்டிய ஓடையைக் கேட்டுப் பெறுகிறது. ஓடையைப் படியெடுத்து வேண்டியோர்க்கு அனுப்பும் பணியைப் பெரும்பாலும் வலையமைப்பு ஸ்விட்ச் செய்கிறது. அதாவது, முன்னர் ஒலிபரப்பு ரௌட்டர் என்னும் பெட்டி செய்த பணியை இப்போது ஸ்விட்ச் என்னும் பெயருடைய பெட்டி செய்கிறது. அதே அடுக்கில் வலையமைப்பு ரௌட்டர் இருக்குமாயின் அதன் பணி வேறு.

ஒலிபரப்புக் கருவியைத் திசைவி என்று கற்ற ஒருவர் இவ்வமைப்பில் பழுது நேரும்போது எந்தப் பெட்டியை நாடுவார் என்னும் வினா இங்கு எழுகிறது. சொல்லின் பிழை செயலின் பிழையாகும் இடம் இதுவே. பெட்டி மாறினும் பணி மாறவில்லை என்பதும் இதனால் விளங்குகிறது. பல மூலங்களுள் ஒன்றைச் சேரிடத்திற்கெனத் தேர்ந்து இணைத்தலே அன்றும் இன்றும் நடைபெறுகிறது. ஆகவே பெயரிடல் பெட்டியிலிருந்து தொடங்காது தொழிலிலிருந்து தொடங்குதல் வேண்டும். தொழிற்பெயரை முதலில் நிறுவி, அதனின்றும் கருவிப்பெயரை ஆக்குவது தமிழின் சொல்லாக்க இயல்புக்கும் உகந்தது.

முன்வைக்கப்படும் சொற்றொகுதி

மேற்கண்ட அளவுகோல்களின்படி பின்வரும் சொற்கள் முன்வைக்கப்படுகின்றன.

1. தேர்விணைப்பு: மூலத்தைத் தேர்ந்து சேரிடத்தோடு இணைக்கும் தொழில். இத்தொழிலுக்கெனவே அமைந்த ஒலிபரப்பு ரௌட்டர், தேர்விணைப்பி எனப்படும். கணினி வலையமைப்பு ரௌட்டருக்குத் திசைவி என்பதே நிற்கும்.

2. மூலம், சேரிடம்: உள்ளீடு, வெளியீடு என்பவை எக்கருவியின் நோக்கில் என்பதைப் பொறுத்து மாறுவன; படப்பிடிப்புக் கருவியின் வெளியீடு தேர்விணைப்பியின் உள்ளீடாகும். மூலமும் சேரிடமும் அவ்வாறு மாறுவதில்லை.

3. சந்தி: அணியில் மூலமும் சேரிடமும் கூடுமிடம். அணி என்பதற்கு இலங்கைக் கணித வழக்கில் தாயம் என்பது சொல். நிரை, நிரல் ஆகியவை இரு நாட்டிற்கும் பொது.

4. பன்வாய்ப் பெருக்கி: ஒரு குறிகையைக் குறையாது பல வெளிவாய்களில் தரும் பெருக்கி.

5. செருகுபலகை: குறுங்கம்பிகளால் கையால் இணைக்கும் பலகை.

6. படக்கலப்பி: காட்சிகளை வெட்டியும் கலந்தும் தரும் தயாரிப்புக் கருவி.

7. தொகுப்பாணை: பல இணைப்புகளை ஒரே அழுத்தத்தில் மாற்றும் முன்னமைந்த ஆணை. ஆங்கிலத்தில் இது பீரங்கிகள் ஒருங்கே வெடித்தலைக் குறிக்கும் போர்ச்சொல்லால் வழங்குகிறது. அவ்வுவமை தமிழுக்குத் தேவையில்லை.

இச்சொற்களுக்கும் குறைகள் உண்டு. இணைப்பி என்பது கம்பி முனையில் உள்ள உறுப்பின் பெயராகவும் வழங்குவதால், தேர்விணைப்பி அவ்வுறுப்பின் ஒரு வகையோ என எண்ண இடந்தரும். கம்பி முனைக்குச் செருகி, செருகுவாய் என்னும் சொற்களை உறுதிப்படுத்தினாலன்றி இக்குறை நீங்காது. செவிப்பேசியில் விரைந்து சொல்வதற்குத் தேர்விணைப்பி நீண்ட சொல்லும் ஆகும். கட்டுப்பாட்டறைப் பேச்சில் ரௌட்டர் என்பதே தொடரலாம். பாடநூலிலும் பராமரிப்புக் கையேட்டிலும் தேர்விணைப்பி முதலில் வந்து, ரௌட்டர் அதன் வழக்குப் பெயராகச் சுட்டப்படலாம். தொல்காப்பியர் திசைச்சொல்லையும் வடசொல்லையும் செய்யுட்குரிய சொற்களாக ஏற்று, வடசொல்லுக்கு எழுத்து நெறியை வகுத்தார் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. கடன்சொல்லை ஏற்பது தமிழ் மரபுக்கு முரணன்று. தமிழ்ச்சொல் என்னும் ஒரே காரணத்தால் பொய்யான விளக்கத்தை ஏற்பதே அறிவியல் தமிழுக்கு முரணாகும்.

முடிவுரை

ஒலி, படக் குறிகைகளை இணைக்கும் கருவிகளின் பெயர்களை ஆராய்ந்ததில் பின்வருவன பெறப்படுகின்றன. நேயரை எட்டிய சொற்களைத் தமிழ் ஒலிபரப்பு செம்மையாக ஆக்கியது. கட்டுப்பாட்டறைச் சொற்கள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. திசைவி, மடைமாற்றி, பங்கீட்டுப் பெருக்கி, நிலைமாற்றி ஆகியவை இக்கருவிகளுக்கு நீட்டப்படுமாயின், அவை சுட்டும் காரணம் கருவியின் செயலோடு முரண்படும். காணொளி, காணொலி விவாதத்திற்குத் துறைத்தேவையின் அடிப்படையில் தீர்வு உண்டு. அஞ்சல் என்னும் சொல்லின் வெற்றி, செயலைக் கண்டு சொல் தேடும் முறையின் வெற்றியாகும்.

கலைச்சொல் பட்டியல்கள் ஆங்கில அகரவரிசையில் அமையும்வரை, ஒரே அறையில் உள்ள கருவிகள் வெவ்வேறு பக்கங்களில் சிதறியே கிடக்கும். அவற்றின் பெயர்கள் ஒன்றோடொன்று மோதுவது பட்டியலாளர் கண்ணுக்குப் புலனாகாது. துறைவாரியாக, ஒரு கட்டுப்பாட்டறையின் கருவிகள் அனைத்தையும் ஒருங்கே வைத்து, தமிழறிஞரும் பொறியாளரும் இயக்குநரும் கூடி, எழுதியும் செவிப்பேசியில் சொல்லியும் சோதித்துச் சொற்களைத் தேர்வதே செய்யத்தக்கது. இங்கு முன்வைக்கப்பட்ட சொற்றொகுதியும் அச்சோதனைக்கு உட்பட்டதே.